கண்ணாடி இல்லாத கண்ணாடி

தமிழில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஜன்னலில் பதித்திருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின்மேல் மாட்டிக்கொள்வதும் கண்ணாடி. பொருளுக்கும் அது செய்கிற வேலைக்கும் ஒரே பெயர். அன்றாடப் பேச்சில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதல் அடியிலேயே கால் இடறும். ஏனென்றால் அங்கே ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடியின் முகத்தில் பூசிய உலோகம்தான். கண்ணாடி வெறுமனே பின்னால் நிற்கிறது. அதனால் பள்ளிக்கூடத்தில் ‘குழியாடி’ என்று படித்தோமே, அந்த ‘ஆடி’யையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒளியைத் திருப்பும் பரப்பு ஆடி. மணலை உருக்கிச் செய்யும் பொருள் கண்ணாடி.

இப்படிப் பிரித்துக்கொண்டு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பாருங்கள். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டது. அதன் முதன்மை ஆடி 6.5 மீட்டர் அகலம். அதைத் தாங்கி நிற்பது கண்ணாடியே அல்ல. பெரிலியம் என்ற உலோகத்தில் செய்து, மேலே தங்கம் பூசியிருக்கிறார்கள். தங்கப் பூச்சின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). அத்தனை பெரிய பரப்புக்கும் சேர்த்துச் செலவான தங்கம் ஏறத்தாழ 48 கிராம், நம் கணக்கில் ஆறு பவுன். ஆனால் ஆடியின் மொத்த எடை 700 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

ஆறு பவுன் தங்கம் செய்கிற வேலைக்கு எழுநூறு கிலோ எதற்கு? அந்தத் தங்கப் படலம் சரியான வளைவில் அசையாமல் நிற்பதற்கு. வேறு எந்த வேலையும் அந்த எடைக்குக் கிடையாது. சவ்வு ஆடி என்கிற யோசனை பிறப்பது இந்த இடத்தில்தான். வடிவத்தைப் பிடித்துவைக்கும் வேலையை வேறு யாராவது செய்துகொடுத்தால், எழுநூறு கிலோவைத் தரையிலேயே விட்டுவிட்டு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோகத்தைப் பூசிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாமே?

கேட்க எளிதாக இருக்கிறது. அந்த ‘வேறு யாராவது’ யார் என்று தேடித்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எடைக் கணக்கு

தொலைநோக்கியின் ஆடி ஏன் பெரிதாக வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடி என்பது ஒளியைப் பிடிக்கும் தொட்டி. வாய் அகலமானால் அதிக ஒளி விழும், மங்கலான பொருள் தெரியும். இன்னொன்று, அகலம் கூடக்கூட நுணுக்கமும் கூடும். தூரத்தில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிவது உண்மையில் இரண்டு விண்மீன்களா என்று பிரித்துச் சொல்லும் திறன் ஆடியின் விட்டத்தைப் பொறுத்தது. எவ்வளவு நல்ல கேமரா வைத்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. விட்டத்தைப் பெரிதாக்குவதுதான் வழி.

ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர். அது நிஜமாகவே கண்ணாடி. எடையைக் குறைக்க உள்ளே தேன்கூடு போலக் குடைந்திருக்கிறார்கள். அப்படியும் 828 கிலோ. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ விழுகிறது. வெப் இதே கணக்கை 28 கிலோ அளவுக்குக் கொண்டுவந்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அடுத்து 20 மீட்டர் ஆடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 314 சதுர மீட்டர். ஹப்பிள் முறையில் செய்தால் ஆடி மட்டுமே 56 டன். வெப் முறையில் செய்தாலும் கிட்டத்தட்ட 9 டன். முழு வெப் தொலைநோக்கியே சுமார் 6 டன்தான்.

அதே 314 சதுர மீட்டரை 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனுள்ள பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளால் நிரப்பினால்? அச்சு எடுக்கும் சாதாரண வெள்ளைத்தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் இருக்கும். இந்தத் தாள் அதில் பாதிகூட இல்லை, 35 கிராம்தான். மொத்தம் 11 கிலோ. விளிம்பு வளையம், தாங்கும் கம்பிகள், கருவிகள் எல்லாம் தனி. இருந்தாலும் 56 டன்னையும் 11 கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

எடையைப் போலவே இடமும் பிரச்சினைதான். வெப்பை ஏற்றிச் சென்ற ஏரியான் 5 ராக்கெட்டின் தலைக்கூட்டுக்குள் கிடைத்த அகலம் நாலரை மீட்டர் சொச்சம். 6.5 மீட்டர் ஆடி அதில் நுழையாது. அதனால்தான் ஆடியை 18 அறுகோணத் துண்டுகளாகச் செய்து, இரண்டு பக்கமும் மூன்று மூன்று துண்டுகளைக் கதவு போல மடித்து வைத்தார்கள். விண்வெளிக்குப் போய் எல்லாம் விரிந்து முடிவதற்குள், ஒன்று தவறினாலும் மொத்தமும் போய்விடும் என்கிற வகையில் 344 இடங்கள் இருந்தன. இன்னும் பெரிய ஆடியை இதே பாணியில் மடித்தால் அந்தப் பட்டியல் எங்கே போய் முடியும் என்று பொறியாளர்கள் யோசிக்கத்தானே செய்வார்கள்.

மெல்லிய தாளை மடித்துக் கொண்டுபோய் விரிப்பதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெப்பின் வெயில் மறைப்பே அப்படிப்பட்டதுதான்: ஐந்து அடுக்கு, ஏறத்தாழ 21க்கு 14 மீட்டர், நான்கு அடுக்குகள் 25 மைக்ரான் தடிமன், சூரியனைப் பார்க்கிற அடுக்கு மட்டும் 50 மைக்ரான். ஒழுங்காக விரிந்தது. ஆனால் வெயில் மறைப்புக்கு நிழல் தந்தால் போதும். அங்கங்கே சுருங்கியிருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆடியின் கதை வேறு.

எவ்வளவு துல்லியம் என்றால்

ஆடியின் பரப்பு எந்த ஒளிக்காகவோ, அந்த ஒளியின் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வடிவம் பிசகக் கூடாது என்பது பொதுவான கைக்கணக்கு. பிசகு இரட்டிப்பாகும் என்பது இதில் ஒரு சங்கடம். ஆடியில் ஒரு பள்ளம் இருந்தால் ஒளி உள்ளே போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை என்று அந்தப் பள்ளத்தை இரண்டு தரம் கடக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர். அதில் இருபதில் ஒன்று 25 நானோமீட்டர். இந்த எண்ணைச் சும்மா சொன்னால் மனதில் நிற்காது. 10 மீட்டர் ஆடி ஒன்றை 1000 கிலோமீட்டர் அகலமுள்ள சமவெளியாக ஊதிப் பெரிதாக்குங்கள். அந்தச் சமவெளி முழுவதிலும் இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் மேடு பள்ளம் இரண்டரை மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் பருமன்.

ஹப்பிளுக்கு நடந்தது நினைவிருக்கலாம். 1990ல் மேலே போன பிறகுதான் ஆடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிடச் சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது தெரியவந்தது. தலைமுடியின் பருமனில் முப்பது, நாற்பதில் ஒரு பங்கு. அதற்கே படங்கள் மங்கலாக வந்தன. 1993ல் விண்வெளி வீரர்கள் போய், அந்தப் பிசகை ஈடுகட்டும் கருவிகளைப் பொருத்தினார்கள். கெட்டியான கண்ணாடியிலேயே இந்த நிலை. காற்றடித்தால் படபடக்கும் தாளிலிருந்து இதே துல்லியத்தை எதிர்பார்க்கிறோம்.

தாள் ஏன் இவ்வளவு தொளதொளப்பாக இருக்கிறது? ஒரு தகடு வளையாமல் எதிர்த்து நிற்கும் வலு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப மாறும். தடிமனைப் பத்தில் ஒன்றாக்கினால் வலு ஆயிரத்தில் ஒன்றாகும். 10 செ.மீ. கண்ணாடியிலிருந்து 25 மைக்ரான் தாளுக்கு வந்தால் தடிமன் 4000 மடங்கு குறைகிறது. வலு எத்தனை மடங்கு குறையும் என்று முப்படி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் பூஜ்யம் என்றே வைக்கலாம். தாளுக்குச் சொந்தமாக வடிவம் கிடையாது. அதை எது இழுக்கிறதோ, அது சொல்கிற வடிவத்தில் நிற்கும்.

காற்றுக்குத் தெரிந்த வடிவம்

பரிசுப் பொருள் சுற்ற வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் தாள் கிடைக்குமே, அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சின்னத் துளை போட்டு ஒரு உறிஞ்சுகுழலைச் செருகி, சுற்றிலும் அடைத்துவிடுங்கள். டப்பாவின் வாயில் தாளை இழுத்துக் கட்டி, ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். முதலில் முகம் சாதாரணமாகத் தெரியும், கொஞ்சம் கோணலாக. இப்போது குழலில் மெல்ல உறிஞ்சினால் தாள் உள்வாங்கும். முகம் சட்டென்று பெரிதாகும். தலையைப் பின்னால் இழுத்தால் ஒரு கட்டத்தில் முகம் கலைந்து, அப்புறம் தலைகீழாகத் தெரியும். ஐந்தே நிமிடத்தில் ஒரு குழியாடி தயார். நான் செய்தபோது ஓரமெல்லாம் சுருக்கம். மூன்றாவது தடவை தாளை ஒட்டியபோதுதான் காது இரண்டும் ஒரே அளவில் தெரிந்தன.

விண்வெளியில் செய்ய நினைத்ததும் ஏறக்குறைய இதுதான். பலூன் மாதிரி ஊதிவிடு, வடிவம் தானே வரும். 1960ல் அமெரிக்கா அனுப்பிய எக்கோ 1 உண்மையில் 30 மீட்டர் பலூன்தான், 12.7 மைக்ரான் பாலியெஸ்டர் தாளில் அலுமினியம் பூசியது. தரையிலிருந்து அனுப்பும் ரேடியோ அலைகள் அதில் பட்டுத் திரும்பின. 1996 மே மாதம் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து விடுவித்த ஒரு சோதனைக் கலம், 14 மீட்டர் அகலமுள்ள ஊதும் ஆண்டெனாவை 28 மீட்டர் நீளமுள்ள மூன்று ஊதும் கால்களோடு விரித்தது. விரிந்த விதம் எதிர்பார்த்த வரிசையில் இல்லை, கொஞ்சம் திமிறிக்கொண்டே விரிந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய பொருளைச் சின்னப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய் ஊதலாம் என்று காட்டிவிட்டது.

விண்வெளியில் வெளிக்காற்று இல்லாததால் ஊதுவதற்கு அழுத்தமும் அதிகம் தேவைப்படாது. வளைவின் ஆரம் 40 மீட்டர் உள்ள 10 மைக்ரான் தாளுக்கு ஒரு பாஸ்கல் அழுத்தம் போதும், தாளில் 2 மெகாபாஸ்கல் இழுவிசை வந்துவிடும். ஒரு பாஸ்கல் என்பது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு.

சரி, பிறகென்ன தடை? காற்றுக்கு நமக்கு வேண்டிய வடிவம் தெரியாது. அதுதான் தடை.

வெகுதூரத்திலிருந்து இணையாக வரும் ஒளிக்கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து குவிய வேண்டுமானால் ஆடியின் வடிவம் பரவளையமாக இருக்க வேண்டும். கோளத்தின் ஒரு துண்டாக இருந்தால் போதாது. ஓரத்துக் கதிர்கள் ஓரிடத்திலும் நடுக்கதிர்கள் வேறிடத்திலும் குவியும். காற்றழுத்தமோ எல்லா இடத்திலும் ஒரே அளவில் தள்ளுகிறது. தாளின் இழுவிசையும் எல்லாத் திசையிலும் சமமாக இருந்தால் கிடைப்பது கோளம். சோப்புக் குமிழி உருண்டையாக இருப்பது அதனால்தான். தாளில் இழுவிசை சமமாகவும் இருப்பதில்லை. நடுவில் தாள் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல நீள்கிறது. விளிம்பிலோ வளையம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் சுற்றுவாட்டில் நீள முடியாது. எனவே கிடைப்பது கோளமும் இல்லை, பரவளையமும் இல்லை, மூன்றாவதாக ஒன்று. வட்டத் தாளை ஊதினால் என்ன வளைவு வரும் என்பதை ஹென்கி என்பவர் 1915லேயே கணக்குப் போட்டுவிட்டார். அந்த வளைவுக்கும் பரவளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரைந்தால் ஆங்கில எழுத்து டபிள்யூவைப் போல இருக்கும். டப்பாவில் ஒட்டிய தாளில் முகம் பார்ப்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. 25 நானோமீட்டர் கேட்கிற ஆளுக்கு அது மலை.

ஊதுவதற்கு மூடிய பை வேண்டும் என்பது அடுத்த தொல்லை. ஆடிக்கு முன்னால் ஒளி ஊடுருவும் இன்னொரு தாளை வைத்து, இரண்டையும் சேர்த்து ஊத வேண்டும். ஒளி போகும்போதும் வரும்போதும் அந்த முன்தாளைக் கடக்கும். ரேடியோ அலைக்கு அது இருப்பதே தெரியாது. கண்ணுறு ஒளிக்கு அழுக்கு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. நுண்கற்கள் குத்திய ஓட்டைகளில் வாயு ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஊதும் ஆடி முதலில் நீண்ட அலைகளுக்குத்தான் ஒத்துவரும். ஒரு மில்லிமீட்டர் அலைக்கு 50 மைக்ரான் வரை பிசகலாம். கண்ணுறு ஒளியைவிட இரண்டாயிரம் மடங்கு சலுகை. ஓயாசிஸ் என்ற பெயரில் முன்வைக்கப்பட்ட 14 மீட்டர் ஊதும் தொலைநோக்கித் திட்டம் ரேடியோவுக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட தெராஹெர்ட்ஸ் அலைகளைக் குறிவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றுக்குப் பதிலாக மின்சாரம் இழுக்கட்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. தாளின் உலோகப் பூச்சும் அதன் பின்னால் வைத்த மின்தகடுகளும் ஒன்றையொன்று இழுக்கும். மில்லிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட் வைத்தால் நாலரை பாஸ்கல் அளவுக்கு இழுவை கிடைக்கும், நமக்குத் தேவையானதைவிட அதிகம். ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனி வோல்ட் கொடுத்தால் வடிவத்தைத் திருத்தவும் முடியும். ஆனால் மின்சாரத்தால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. தாள் தகட்டை நெருங்க நெருங்க இழுவை ஏறி, ஒரு கட்டத்தில் ‘பட்’டென்று போய் ஒட்டிக்கொள்ளும். தவிர, ஆடி அகலத்துக்குப் பின்னால் கெட்டியான ஒரு தகட்டுச் சட்டம் வேண்டும். எடையை முன்வாசல் வழியாகத் துரத்திவிட்டுக் கொல்லைப்புறம் வழியாகக் கூட்டிவந்த கதை.

சுழற்றி விரிக்கலாமா? ரஷ்யா 1993ல் ஸ்னாம்யா என்ற 20 மீட்டர் பளபளப்புத் தாளைச் சுழற்றியே விரித்தது; அதில் பட்ட வெயில் தரையில் ஒரு வெளிச்ச வட்டமாக ஐரோப்பாவைக் கடந்து ஓடியது. அழகான சோதனை. ஆனால் சுழலும் தாளை விசை வெளிப்பக்கம் மட்டுமே இழுக்கிறது, அதனால் தட்டையாகத்தான் நிற்கும். குழி விழ வைக்க வேறொரு விசை வேண்டும்.

பிறக்கும்போதே வளைந்த தாள்

ஒரு டம்ளர் தண்ணீரைக் கரண்டியால் வேகமாகக் கலக்கிவிட்டு நிறுத்துங்கள். நடுவில் குழி விழும், ஓரம் ஏறும். தண்ணீரோடு பாத்திரமும் ஒரே சீராகச் சுழன்றால் அந்தக் குழியின் வடிவம் அச்சு அசலாகப் பரவளையம். கிட்டத்தட்ட என்றெல்லாம் இழுக்க வேண்டாம், கணக்குப்படியே பரவளையம். ஈர்ப்புவிசை கீழே இழுக்கிறது, சுழற்சி வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமன் ஆகும் பரப்பு அதுதான். தட்டைத் தாள் எவ்வளவு ஊதினாலும் வராத வடிவத்தைத் தண்ணீர் சும்மா சுற்றியே கொண்டுவந்துவிடுகிறது.

இது வெறும் வேடிக்கை இல்லை. உத்தராகண்டில் தேவஸ்தல் மலையில் 4 மீட்டர் பாதரசத் தொலைநோக்கி ஒன்று 2022ல் முதல் ஒளியைப் பிடித்தது. அதன் ஆடி, எட்டு வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் திரவப் பாதரசம். சுற்றும் வேகம் தெரிந்தால் குவியத் தூரத்தை நீங்களே கணக்கிடலாம்: ஈர்ப்பு முடுக்கத்தை, கோண வேகத்தின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். எட்டு வினாடிச் சுற்றுக்கு விடை ஏறத்தாழ 8 மீட்டர் வரும். அந்தத் தொலைநோக்கியின் குவியத் தூரமும் அதுதான். இந்த ஆடிக்கு ஒரு குறை, தலைக்கு நேர் மேலே மட்டும்தான் பார்க்கும். சாய்த்தால் பாதரசம் கொட்டிவிடும்.

திரவத்தை விண்வெளிக்குக் கொண்டுபோய் இப்படிச் சுற்றவும் முடியாது, அங்கே கீழே இழுக்க ஈர்ப்பு இல்லை. ஆனால் தரையில் திரவத்தை அச்சாக வைத்துக்கொண்டு அதன்மேல் தாளை வளர்த்தால்? ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் விண்வெளி இயற்பியல் கழகத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் ராபியன் 2023ல் வெளியிட்ட வேலை இதுதான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனையும் இதுதான்.

வெற்றிட அறைக்குள் ஒரு பாத்திரத்தில் திரவத்தை ஊற்றிச் சீராகச் சுழற்றுகிறார்கள். பரவளையம் உருவாகிறது. பிறகு பிளாஸ்டிக்கின் மூலப்பொருளை ஆவியாக்கி அறைக்குள் விடுகிறார்கள். அது திரவத்தின் மேற்பரப்பில் படிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியான படலமாக வளர்கிறது. பாலின்மேல் ஆடை கட்டுகிற மாதிரி என்று சொல்லலாம்; பாலாடை சுருங்கும், இது சுருங்காது. மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈரம் புகாமல் மேற்பூச்சாகப் போடும் பாரிலீன் என்ற பிளாஸ்டிக்தான் இது. வேண்டிய தடிமன் வந்ததும் மேலே உலோகத்தை ஆவியாக்கிப் பூசி, அடியில் உள்ள திரவத்தைக் கழுவிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு மெல்லிய ஆடி.

இந்தத் தாளை எதுவும் இழுத்து வளைக்கவில்லை. அது தட்டையாக இருந்ததே இல்லை. பரவளையமாகவே பிறந்தது. அதனால் வடிவத்தைப் பிடித்துவைக்க ஊத வேண்டிய அவசியம் இல்லை. முன்தாள் வேண்டாம், வாயு ஒழுகும் என்ற கவலையும் வேண்டாம். கெட்டிக் கண்ணாடியை மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் வேலையும் மிச்சம். அவர்கள் செய்து காட்டியது 30 செ.மீ. அகலம் வரை. தாளின் தடிமன் சுமார் 200 மைக்ரான். இதன் ஒரு சதுர மீட்டர் எடை கிட்டத்தட்ட கால் கிலோ, மூன்று வெள்ளைத்தாளை அடுக்கியது போல. சுருட்டி வைக்கலாம்.

பலவீனமே கைப்பிடி

சுருட்டி விரித்த தாள் பழைய வடிவத்துக்கு எவ்வளவு நல்ல பிள்ளையாகத் திரும்பினாலும் 25 நானோமீட்டருக்குள் திரும்பாது. அத்துடன் வெப்பம் வேறு இருக்கிறது. ஹப்பிளின் கண்ணாடி, சூட்டில் ஏறத்தாழ விரியவே விரியாத தனி ரகம். பிளாஸ்டிக் அப்படி இல்லை. பாலிஇமைடு தாள் 10 மீட்டர் அகலத்துக்கு ஒரு டிகிரி சூடேறினால் 0.2 மில்லிமீட்டர் நீளும். நமக்கு அனுமதி உள்ள பிசகைப்போல எட்டாயிரம் மடங்கு. ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் உறையும் குளிருமாக இருக்கும் இடத்தில் இப்படிப்பட்ட பொருளை வைத்து ஆடி செய்கிறேன் என்று சொன்னால் சிரிக்கத்தான் தோன்றும்.

ராபியனின் வேலையில் இரண்டாவது பாதி இங்கே வருகிறது. சூடேறினால் தாள் நீள்கிறது என்றால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சூடேற்றி வேண்டியபடி நீள வைக்கலாம் அல்லவா? தாளின்மேல் ஒளியால் ஒரு படத்தைப் போடுகிறார்கள், திரையில் புரொஜெக்டர் போடுவது போல. வெளிச்சம் விழுந்த இடம் லேசாகச் சூடேறி விரிந்து வடிவம் மாறும். தாள் மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் சூடாகும், ஒளியை நிறுத்தினால் சீக்கிரம் ஆறும். எங்கே எவ்வளவு பிசகியிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்றபடி ஒளிப்படத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஆடி சரியான வடிவத்துக்கு வந்து நிற்கும். ஆடியைத் தொட ஒரு திருகாணிகூட வேண்டாம்.

வெப்பிலும் திருத்தும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஏழு இயக்கிகள். ஆறு அதை நகர்த்தவும் சாய்க்கவும், ஏழாவது வளைவைச் சரிசெய்ய. அவை கெட்டியான துண்டை மெல்ல நகர்த்தும் இயந்திரங்கள். தாளுக்குப் பின்னால் அப்படிப்பட்ட இயந்திரங்களை வரிசையாக அடுக்கினால் எடை மறுபடி கொல்லைப்புறமாக வந்துவிடும். ஒளிக்கு எடை இல்லை என்பதுதான் இங்கே அழகு.

முழுத் திருத்தத்தையும் பெரிய தாளிலேயே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மிச்சமிருக்கும் நுண்பிசகைப் பின்னால் வரும் ஒரு சின்ன நெளியும் ஆடியில் சரிசெய்துகொள்ளலாம். தரைத் தொலைநோக்கிகள் காற்று மண்டலத்தின் நடுக்கத்தை இப்படித்தான் சமாளிக்கின்றன.

ஆடியே வேண்டாம், தாள் வழியாக ஒளியை ஊடுருவவிட்டே குவிக்கலாம் என்று ஒரு கிளைவழியும் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு நிறுவனமான டார்ப்பா, மொயர் என்ற திட்டத்தில் சமையலறையில் பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் உறை அளவுக்கு மெல்லிய தாளில் நுண்ணிய வரிப்பள்ளங்களைப் பொறித்து, 20 மீட்டர் அகலம் வரை போகலாம் என்று குறிவைத்தது. ஒளி ஊடுருவிப் போவதால் தாள் முன்னும் பின்னும் கொஞ்சம் அலைந்தாலும் ஒளியின் பாதை நீளம் அவ்வளவாக மாறாது. இருமடங்கு பிசகு என்ற சாபம் இங்கே இல்லை. பதிலுக்கு வேறு சாபம்: ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு தூரத்தில் குவியும், ஒளியிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் படத்துக்கு வந்து சேரும். வானியலாளர்களுக்கு இந்த வியாபாரம் கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன். மேலிருந்து தரையைப் பார்க்கிறவர்களுக்கு ஒருவேளை ஆகலாம்.

வேறு விண்மீனைச் சுற்றும் பூமி போன்ற கோளை நேரடியாகப் படமெடுக்கச் சவ்வு ஆடி உதவுமா என்று கேட்கிறார்கள். முதல் ஆளாக அது வராது. சூரியனைவிடப் பூமி ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு மங்கல். பக்கத்தில் எரியும் விண்மீனின் வெளிச்சத்தை அந்த அளவுக்கு மறைத்துப் பிடிக்க, ஆடி பிக்கோமீட்டர் அளவில், அதாவது நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிற அளவில், அசையாமல் இருக்க வேண்டும். நாசா இதற்காகத் திட்டமிடும் தொலைநோக்கி கெட்டியான துண்டுகளைத்தான் நம்புகிறது. தாளுக்குப் பொருத்தமான முதல் வேலை தொலை அகச்சிவப்பிலும் மில்லிமீட்டர் அலைகளிலும் இருக்கிறது. அங்கே அலைகள் நீளமானவை, பிசகுக்கு இடம் அதிகம், பெரிய ஆடிக்கு ஏக்கமும் அதிகம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் தரையில் காத்திருக்கிறது. 30 செ.மீ. தாளை மேசைமேல் வைத்துச் சோதிக்கலாம். 20 மீட்டர் தாளை எங்கே வைத்துச் சோதிப்பது? திரவத்தின்மேல் வளர்க்கவே 20 மீட்டர் அகலமுள்ள வெற்றிட அறை வேண்டும். வளர்த்து எடுத்தாலும் ஈர்ப்பில் தன் எடையாலேயே அது தொய்ந்துவிடும். அளக்கப் போனால் கிடைப்பது தொய்வின் அளவு, ஆடியின் அளவு இல்லை. ஹப்பிளின் பிசகைத் தரையிலேயே கண்டுபிடித்திருக்க முடியும், சோதனையில் கோட்டை விட்டார்கள். இந்தத் தாளின் உண்மையான வடிவம் என்னவென்று மேலே போய் விரித்த பிறகுதான் முதன்முதலாகத் தெரியும். அதனால் அளக்கும் கருவியும் திருத்தும் ஒளியும் அதோடு சேர்ந்தே மேலே போக வேண்டும். முதலில் ஒரு மீட்டர் அகலத்தில் ஒன்று போய் விரியட்டும்.